தலைக்காயத்தின் இரண்டாவது விபத்து

கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போருக்கு இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாகியிருக்கும். 'தலையில் பலத்த காயமடைந்த அவர் மேல்சிகிச்சைக்காக பெங்களூரு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப்பட்டார்' என்பது ஒன்று. 'அங்கு சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்' என்பது மற்றொன்று. பெரும்பாலும் ஓரிரு நாள் இடைவெளியில் இவை வெளியாகின்றன. இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை. பிழைத்து வீடு திரும்பியவரைப் பற்றியோ மூன்றாவது வாக்கியம் எழுதப்படுவதே இல்லை.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள அஞ்செட்டி பொருத்தமான ஊர். தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்கப்பட்டுத் தனி வட்டமான இம்மலைப்பகுதி, ஒசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டியதும் காடும் மலை வளைவுகளும் தொடங்கிவிடும். அஞ்செட்டியைக் கடந்து, நாட்ராம்பாளையம் வழியாக இச்சாலை ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறது. வார நாள்களில் தொழிற்சாலை வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்களின் இருசக்கர வாகனங்கள். வார இறுதியில் அருவியைக் காண பெங்களூரிலிருந்து வரும் கார்கள். எல்லா நாள்களிலும் விளைபொருள் ஏற்றிய சரக்கு வண்டிகள். இருட்டியபின் யானைகளும் கடக்கும் சாலை இது.

ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பார்ப்போம். வேலை முடிந்து ஊர் திரும்பும் இளைஞர் ஒருவர் மலை வளைவில் வண்டி சறுக்கி விழுகிறார். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் நினைவிழந்து கிடந்தவர், பிறகு எழுந்து உட்காருகிறார். பெயரைச் சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார். 'நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை' என்று சுற்றி நிற்போர் ஆறுதலடைந்து அவரை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுக்கிறார், பேச்சு குழறுகிறது, எழுப்பினாலும் எழாமல் உறங்குகிறார். அதன் பிறகுதான் வாகனம் தேடத் தொடங்குகிறார்கள்.

அவரைக் கொல்லக்கூடியது சாலையில் பட்ட அடி மட்டுமன்று. அடிபட்டபின் மண்டையோட்டுக்குள் சிறுகச் சிறுகச் சேரும் இரத்தமும், மூளையின் வீக்கமும், குறைந்துபோகும் பிராணவாயுவும் இரத்த அழுத்தமும் சேர்ந்து நிகழ்த்துவது மற்றொரு விபத்து. மருத்துவர்கள் முதலாவதை முதன்மைக் காயம் என்றும் அடுத்ததை இரண்டாம் நிலைக் காயம் என்றும் அழைக்கிறார்கள். முதன்மைக் காயத்தை எந்த மருத்துவராலும் திருப்பிப் பெற முடியாது, நடந்தது நடந்ததுதான். இரண்டாம் நிலைக் காயத்தைத் தடுக்க முடியும், பாதியில் நிறுத்தவும் முடியும். ஆனால், நமது சட்டங்களும் புள்ளிவிவரங்களும் திட்டங்களும் பெரும்பாலும் முதல் விபத்தை மட்டுமே விபத்தாக எண்ணுகின்றன என்பதுதான் சிக்கல்.

எண்ணிக்கையில் இல்லாதவர்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் நாட்டில் 4,80,583 சாலை விபத்துகள் நடந்தன. 1,72,890 பேர் உயிரிழந்தனர். 4,62,825 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 67,213 என்ற அளவுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. 18,347 பேரை இழந்து, இறப்பு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் நின்றது. 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி, இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். ஏறத்தாழ அதே அளவு இறப்புகள் ஊரகப் பகுதிகளில் நேர்ந்தன. அதாவது, அஞ்செட்டி போன்ற ஊர்களிலிருந்து வேலைக்குச் செல்லும் வயதினர்.

இந்த அறிக்கையில் வாகன வகை உண்டு, சாலை வகை உண்டு, நேரம் உண்டு, பருவநிலைகூட உண்டு. காயமடைந்தவர்களில் எத்தனை பேருக்குத் தலையில் அடிபட்டது, அவர்களில் எத்தனை பேர் பழையபடி வேலைக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கு இல்லை. விபத்து நடந்து 30 நாள்களுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம். ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தவர் 'காயமடைந்தவர்' என்ற வரிசையிலேயே தங்கிவிடுகிறார்.

இந்தியாவில் மூளைக்காயம் பற்றிய ஆய்வுகளில் பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் பங்கு முக்கியமானது. அங்கு நோய்ப்பரவலியல் துறையில் பணியாற்றிப் பின்னாளில் இயக்குநராகவும் இருந்த மருத்துவர் ஜி. குருராஜ் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் மூளைக்காயங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்துகளாலும், 20 முதல் 25 விழுக்காடு கீழே விழுவதாலும், 10 விழுக்காடு வன்முறையாலும் ஏற்படுவதாகக் கூறியது. கால் நூற்றாண்டு நெருங்கும் நிலையிலும் நாம் பெரிதும் மேற்கோள் காட்டுவது அந்தக் கணிப்பைத்தான். ஒரு பெரும் நோயைக் கணக்கிடாமலேயே அதற்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மணி நேரங்களின் கணக்கு

மூளை தனது தேவைக்கான பிராணவாயுவைச் சேமித்து வைத்துக்கொள்ளாத உறுப்பு. அடிபட்ட மூளைக்கோ சிறு பற்றாக்குறையும் பேரிழப்பு. அமெரிக்காவில் கடுமையான தலைக்காயம் அடைந்த 717 பேரின் தரவுகளை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, மேல் இரத்த அழுத்தம் ஒருமுறை 90-க்குக் கீழே இறங்கினாலே இறக்கும் அபாயம் இரு மடங்குக்கு மேல் உயர்வதைக் காட்டியது. மூளையுறைக்கு அடியில் இரத்தம் கட்டியவர்களைப் பற்றி 1981-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நான்கு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரும், அதற்குப் பின் பெற்றவர்களில் 90 விழுக்காட்டினரும் இறந்தனர். பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. எனினும், இரத்தக்கட்டு பெரிதாகிக்கொண்டிருக்கும் மூளைக்குத் தாமதம் கேடு என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்ப்போம். அஞ்செட்டியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சி.டி. ஸ்கேன் கருவி இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. மலைச்சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனை. மேலும் 25 கிலோமீட்டர் சென்றால் ஒசூர். மண்டையைத் திறந்து இரத்தக்கட்டை அகற்றும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கு அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூரு நகர நெரிசலுக்குள் மேலும் 35 முதல் 40 கிலோமீட்டர். இல்லையெனில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று தெற்கு நோக்கிப் பயணம். கிருஷ்ணகிரியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆயினும் அஞ்செட்டியிலிருந்து ஒசூரைவிட அதுவும் தொலைவுதான்.

தொலைவைவிடக் கொடியது படிப்படியாக ஏறிச்செல்லும் பயணம். ஒவ்வோர் இடத்திலும் இறக்கி, பதிவு செய்து, பரிசோதித்து, 'இங்கு வசதி இல்லை' என்று எழுதி, மீண்டும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை மணி நேரம் என்று வைத்தாலும், மூன்று நிறுத்தங்களில் ஒன்றரை மணி நேரம் கரைகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 'பொன்னான நேரம்' என்று வரையறுப்பது காயம் ஏற்பட்டதிலிருந்து ஒரு மணி நேரத்தைத்தான். அஞ்செட்டிக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் காட்டிலேயே முடிந்துவிடக்கூடும்.

பணம் இனி முதல் தடையன்று

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த நிலை இன்று இல்லை. 2008-இல் 108 அவசர ஊர்தி சேவை தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்குகிறது. தொடக்கத்தில் 609 மருத்துவமனைகளுடனும் ஒரு லட்சம் ரூபாய் வரம்புடனும் வந்த இத்திட்டத்தின் சிறப்பு, காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று கேளாதது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்த விபத்து என்பது போதும்.

நாடு தழுவிய அளவிலும் மாற்றம் வந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், விபத்தில் சிக்கியோருக்குப் பொன்னான நேரத்தில் பணமில்லாச் சிகிச்சை வழங்கும் திட்டத்தை வகுக்குமாறு உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 8 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு மே 5 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட திட்டம், ஏழு நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை அளிக்க வகை செய்கிறது. காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல உள்ளங்களைக் காவல் துறையும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாது என்பதை 2016-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது 134-ஏ பிரிவாக இடம்பெற்றது.

ஆக, 'பணத்தைக் கட்டினால்தான் தொடுவோம்' என்ற பழைய தடை சட்டத்தின் பார்வையிலாவது நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது புவியியல் தடை. கட்டணமில்லாச் சிகிச்சை எத்தனை மணி நேரத்தில் எட்டுகிறது என்பதே இப்போதைய கேள்வி. எல்லைப்புற மாவட்டத்துக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. அஞ்செட்டியில் அடிபட்டவருக்கு மிக அருகில் உள்ள உயர்நிலை மூளைச் சிகிச்சை பெங்களூரில்தான். நோயாளி எல்லையைத் தாண்டும்போது எந்தத் திட்டம் அவருடன் வரும், எந்த மருத்துவமனை அவரை ஏற்கும் என்பது உறவினர்கள் அவசர ஊர்தியில் அமர்ந்துகொண்டு அலைபேசியில் விசாரித்து அறிய வேண்டிய செய்தியாக இருக்கக் கூடாது. இரு மாநில அரசுகளும் முன்கூட்டியே பேசி முடித்து, ஓட்டுநரின் கையில் பட்டியலாகக் கொடுத்திருக்க வேண்டும். நிம்ஹான்ஸ் மூளை, நரம்பு, மனநலத்துக்கான நிறுவனம். நெஞ்சிலோ வயிற்றிலோ காயம் சேர்ந்திருந்தால் பல்துறை மருத்துவமனை தேவைப்படும். யாரை எங்கே கொண்டுசெல்வது என்ற முடிவு தவறினால், பெங்களூருக்குள்ளேயே மற்றொரு மணி நேரம் போகும்.

முதல் நிறுத்தத்தில் செய்யக்கூடியவை

ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரை அமர்த்துவது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆனால், இரண்டாவது விபத்தைத் தள்ளிப்போடும் பணிகளில் பல, நிபுணர் இல்லாமலே செய்யக்கூடியவை. மூச்சுப்பாதையைத் திறந்து வைத்தல், பிராணவாயு அளித்தல், இரத்தப்போக்கை நிறுத்தி இரத்த அழுத்தத்தைக் காத்தல், கழுத்தை அசையாமல் தாங்குதல், வலிப்பைக் கட்டுப்படுத்தல் ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஊர்தியிலும் இயலும். கண் திறத்தல், பேச்சு, அசைவு என்ற மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ உணர்வு அளவீடு 1974 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்; பயிற்சி போதும். 'மயக்கமாக இருந்தார்' என்று எழுதி அனுப்புவதற்கும், 'ஆறு மணிக்கு 14, ஏழு மணிக்கு 11' என்று எழுதி அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. இரண்டாவது குறிப்பு, உள்ளே இரத்தம் சேர்கிறது என்று எச்சரிக்கிறது.

டிரானெக்சமிக் அமிலம் என்ற மருந்து, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தப் பயன்படுவது, விலை குறைந்தது. 29 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, காயமடைந்து மூன்று மணி நேரத்துக்குள் இம்மருந்தைச் செலுத்தினால் லேசான, நடுத்தரத் தலைக்காயம் உள்ளோரிடையே இறப்பு குறைவதைக் கண்டது. மிகக் கடுமையான காயங்களில் அப்பயன் தெரியவில்லை. மூன்று மணி நேரத்தில் பெங்களூரை அடைவது உறுதியில்லை. அஞ்செட்டியின் சுகாதார நிலையத்தை அடைய முடியும். யாருக்கு, எப்போது அளிப்பது என்ற நெறிமுறையை வல்லுநர்கள் வகுத்து, மலைப்பகுதி மருத்துவர்களுக்குப் பயிற்சியளிப்பது அரசின் கடமை.

அதேபோல, ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே நிபுணர் இருக்க வேண்டியதில்லை. படம் இணையம் வழியே சில நிமிடங்களில் பயணிக்கும். ஒசூரில் எடுத்த படத்தைக் கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ உள்ள நிபுணர் பார்த்து, 'நேராக அங்கே அனுப்புங்கள். நாங்கள் அறுவை அரங்கைத் தயார் செய்கிறோம்' என்று சொல்லும் ஏற்பாடு இருந்தால் இடைநிறுத்தங்கள் குறையும். உணர்வு மதிப்பெண் குறைவாக உள்ளவரை, ஸ்கேன் இல்லாத மருத்துவமனைகளில் நிறுத்தாமல் நேராகக் கொண்டுசெல்லும் அதிகாரம் ஊர்திப் பணியாளருக்கு எழுத்துபூர்வமாக வழங்கப்பட வேண்டும்.

மக்களின் பங்கும் இதில் உண்டு. அடிபட்டவரை இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே அமர்த்தி மலையிறக்குவது, கழுத்தெலும்பு முறிந்திருந்தால் வாழ்நாள் முடக்கத்தில் முடியும். தலை தொங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். நினைவு தெளிவில்லாதவருக்குத் தண்ணீர் புகட்டுவது நுரையீரலுக்குள் நீர் செல்ல வழிவகுக்கும். எல்லாவற்றிலும் கொடியது, 'குடித்திருக்கிறான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்ற முடிவு. மது வாடை தலைக்காயத்தை மறைக்கும். தலைக்காயமும் போதைபோலவே தோன்றும். விபத்துக்குப் பின் சிறிது நேரமேனும் நினைவிழந்தவர், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர், தலைவலி கூடிக்கொண்டே போகிறவர், மூக்கிலோ காதிலோ நீரோ இரத்தமோ கசிகிறவர், கண்மணிகள் சமமாக இல்லாதவர் ஆகியோர், குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்களே.

முதல் விபத்தும் நம் கையில்தான்

இரண்டாவது விபத்தைப் பற்றிப் பேசுவதால் முதலாவதை மறந்துவிடலாகாது. 1935-இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கிய அவர், தலைக்கவசத்தின் தேவையை 1941-இல் மருத்துவ இதழில் நிறுவினார். அவர் நாட்டில் அது சட்டமாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரமான தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும், இறப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீடு.

தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. ஆனாலும், 2022-இல் நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். நாட்டின் சாலைகளுக்கு லட்சக்கணக்கில் இருசக்கர வாகனங்களைச் செய்து தரும் ஒசூர் வட்டாரத்திலிருந்து, சோதனைச்சாவடி தாண்டியதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்பும் தொழிலாளர்களைக் காண்பது வேதனைக்குரியது. ஆலை வாசலில் தலைக்கவசமின்றி உள்ளே விடாத நிர்வாகங்கள், கடைசி கிலோமீட்டர் வரை அது தலையில் இருக்கும் பழக்கத்தையும் வளர்க்க முன்வரலாம். தொலைதூர மலைக்கிராமத் தொழிலாளர்களுக்கு நிறுவனப் பேருந்தை நீட்டிப்பது இன்னும் மேலான தீர்வு. பேருந்தில் வருபவருக்குத் தலைக்கவசமே தேவைப்படாது.

கார்களைப் பொறுத்தவரை, பின் இருக்கையில் அமர்ந்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் விபத்தில் இறந்தபோது, அவர் பின் இருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் இருந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த ஆண்டில் சீட் பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள். காரில் தலை எதன்மீதும் மோதாமலேயே மூளை காயப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது. திடீரென நின்று திரும்பும் வேகத்தில் மண்டைக்குள் மூளை சுழன்று, அதன் நுண்ணிய நரம்பிழைகள் அறுபடுகின்றன. வெளியில் ஒரு கீறலும் இராது. ஸ்கேன் படம்கூட இயல்பாகத் தோன்றக்கூடும். ஒகேனக்கல் சாலையில் வார இறுதிக் கார்களைச் சோதிக்கும் காவலர்கள் பின் இருக்கையையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பின்

பிழைத்தவர்களின் கதை 48 மணி நேரத்தில் முடிவதில்லை. மூளைக்காயத்திலிருந்து மீண்ட பலர் நடப்பார்கள், பேசுவார்கள், பார்ப்பதற்கு நலமாக இருப்பார்கள். ஆனால், காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. காரணமின்றிச் சினம் வரும். இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் கவனம் நிலைக்காது. 'முன்பு இப்படி இல்லையே' என்று மனைவியும் தாயும் கலங்குவார்கள். ஊர் அவரைச் சோம்பேறி என்றோ மனநிலை தவறியவர் என்றோ பேசும். அவருக்கு வேலை போகும். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் மற்றொருவரின் வேலையும் போகும்.

சட்டத்தின் கண்ணுக்கு இந்தக் காயம் சரியாகப் புலப்படுவதில்லை. 'கொடுங்காயம்' என்றால் என்ன என்பதை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் பட்டியலிட்டது. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவும் ஏறத்தாழ அதே பட்டியலைத் தொடர்கிறது. கண் பார்வை, செவித்திறன், உறுப்பு, மூட்டு, எலும்பு, பல் எல்லாம் அதில் உண்டு. நினைவாற்றல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை அங்கீகரித்தது வரவேற்கத்தக்கது. அவற்றில் விபத்தால் வந்த மூளைக்காயம் தனி வகையாக இல்லை. கை கால் செயலிழந்தவருக்குச் சான்றிதழ் பெறுவது இயலும். நினைவும் நிதானமும் இழந்தவர் எந்தத் தலைப்பின்கீழ் விண்ணப்பிப்பது? அமெரிக்கா தனது சிறப்புக் கல்விச் சட்டத்தில் மூளைக்காயத்தைத் தனி வகையாக 1990-லேயே சேர்த்துவிட்டது.

இழப்பீட்டிலும் இதே சிக்கல். உடல் இயலாமையின் விழுக்காடு வேறு, வருவாய் ஈட்டும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியது. ஒரு கையை இழந்த எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். அதே கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும் என்பது அத்தீர்ப்பின் தருக்கம். மூளைக்காயத்துக்கு இந்தத் தருக்கம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆனால், நினைவு, கவனம், நடத்தை ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் மதிப்பீட்டு அறிக்கை கையில் இல்லாமல் தீர்ப்பாயத்தின் முன் நிற்கும் மலைக்கிராமத்துத் தொழிலாளியால் அந்த இழப்பை எப்படி மெய்ப்பிக்க முடியும்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இம்மதிப்பீட்டை மாதம் ஒருமுறையேனும் கட்டணமின்றி வழங்கினால், அது சிகிச்சைக்கும் உதவும், நீதிக்கும் உதவும்.

மறுவாழ்வுக்கான வழியும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். இரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளுக்கு மருந்தும், படுக்கையில் உள்ளோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடிச் செல்கின்றன. அந்தப் பணியாளர்களின் பதிவேட்டில் தலைக்காயத்திலிருந்து மீண்டவர்களுக்கென ஒரு பக்கம் சேர்த்தால் போதும். வலிப்பு மருந்து தொடர்கிறதா, பேச்சு எப்படி இருக்கிறது, வேலைக்குத் திரும்பினாரா, வீட்டார் எப்படித் தாங்குகிறார்கள் என்ற நான்கு கேள்விகளை மாதந்தோறும் கேட்டால், கவனிப்பு கிடைப்பதுடன், இதுவரை எவரிடமும் இல்லாத கணக்கும் கிடைத்துவிடும்.

இவையெல்லாம் இயலக்கூடியவையா என்ற ஐயம் எழலாம். தமிழ்நாட்டின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானமாக அளித்தனர். அந்த இதயம் ஒரு சிறுமியைச் சென்றடைவதற்காகச் சென்னை மாநகரின் போக்குவரத்தைக் காவல் துறை விலக்கி வழி அமைத்தது. அன்று தொடங்கிய எழுச்சியால் தமிழ்நாடு உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்னோடியாயிற்று. மருத்துவமனைகளுக்கிடையே முன்கூட்டிய ஏற்பாடு, யாருக்கு யார் தகவல் தர வேண்டும் என்ற தெளிவு, சாலையில் தடையற்ற வழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொலைவை வெல்லலாம் என்பதை நாம் அப்போதே கற்றுக்கொண்டோம்.

மூளை செயலிழந்தபின் இதயத்துக்காகச் செய்யும் அதே ஏற்பாட்டை, மூளை உயிரோடிருக்கும்போதே அதற்காகவும் செய்ய வேண்டும். அஞ்செட்டி மலைச்சாலையில் விழும் ஒருவருக்கு, எந்த ஊர்தி, எந்த மருத்துவமனை, எந்தத் திட்டம், எந்த நிபுணர் என்பது அவர் விழுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம், சுகாதாரத் துறை, காவல் துறை, ஒசூர்த் தொழில் நிறுவனங்கள், எல்லைக்கு அப்பால் உள்ள மருத்துவமனைகள் ஆகியோர் ஒருமுறை ஒன்றாக அமர்ந்தாலே இதற்கான வரைபடத்தைத் தீட்டிவிட முடியும். அந்தக் கூட்டத்தை எவ்வளவு விரைவில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே, செய்தித்தாளில் அந்த இரண்டாவது வாக்கியம் எத்தனை முறை அச்சாகும் என்பது அமையும்.